தவிடுபொடியான சபதம்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தேன்.

"இன்னையிலேருந்து இந்த வீட்டுல முழு உணவுதான்!"

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முழுங்குற உணவா?"

"முழு உணவு! பட்டை தீட்டாத அரிசி, தவிடு போகாத கோதுமை, தோல் சீவாத பழம். பாக்கெட்டுல அடைச்சது எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது. சர்க்கரை ஏறிடுச்சாம். மூணு மாசத்துல இறக்கலேன்னா ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டார்."

அவள் முகம் வாடியது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமா மாறலாங்க. பிஸ்கட் இல்லாம உங்களுக்குப் பொழுதே போகாதே."

"என்னை யாருன்னு நினைச்சே? நான் பட்டை தீட்டாத வைரம்டி!"

"தெரியும். கல்யாணம் ஆன நாளா நானும் தீட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

முதல் இரண்டு நாள் சொர்க்கம். உடம்பு பஞ்சாகி, ஜன்னல் வழியே மிதந்து போய், தெருவிளக்கு உயரத்தில் நின்று ஊரைப் பார்ப்பது போல இருந்தது. மூன்றாம் நாள் நான் தரைக்கு வந்துவிட்டேன். மேகங்கள் மட்டும் மேலேயே மிதந்தன. ஒவ்வொன்றும் கிரீம் தடவிய பன் மாதிரியே போயிற்று. கண்ணை மூடினால் இன்னும் பெரிய பன்.

எனக்கு வேலை ஒரு கண்ணாடிக் கடையில், பார்வை சோதிப்பது. ஐந்தாம் நாள் ஒரு பெரியவரை உட்கார வைத்து, "கடைசி வரியைப் படிங்க" என்றேன்.

"ப... ட... ம..."

"நல்லாப் பாருங்க சார். பிஸ்கட்னு போட்டிருக்கு."

அவர் பயந்துபோய்ப் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கால்கள் தாமாகவே நடந்தன. நான் துணைக்குப் போனேன், அவ்வளவுதான். மூன்று தெரு தள்ளி இருக்கிறது பேக்கரி. சூடான மணம் தெருமுனைக்கே வந்து என் கையைப் பிடித்து அழைத்துப் போயிற்று. தவிட்டைத் தின்று வளர்ந்த சபதம் தவிடுபொடி!

"அக்கா, ஒரே ஒரு பிஸ்கட். வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்றேன் பேக்கரிக்கார அம்மாளிடம்.

"எனக்கு வாயே கிடையாது தம்பி. ஆனா இன்னைக்குத் தீந்துடுச்சே. நாளைக்கு வாங்க, உங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறேன்."

மறுநாள் தனி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பழுப்பு நிறம், வட்டம், இளஞ்சூடு. கடித்தேன். தெருவின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் போனது. சைக்கிள்கள் மெதுவாக நீந்தின. நாக்கில் கொட்டைப் பருப்பு நொறுங்கியது. ஆகா, பாவத்துக்கு இத்தனை ருசியா!

அதற்குப் பிறகு தினமும் அந்தக் கனவுதான். கனவு முடிந்து வீட்டுக்கு வந்தால், அவித்த காய்கறியை ஒரு துறவியின் முகத்தோடு மெல்லுவேன்.

"பிஸ்கட் ஞாபகமே வரலையா உங்களுக்கு?" என்பாள் மனைவி.

"பிஸ்கட்டா? அப்படின்னா?"

"அடடா" என்று இன்னொரு கரண்டி காய் வைப்பாள்.

மூன்று மாதம் ஓடியது. மறுபரிசோதனைக்கு அவளும் கூட வந்தாள். இப்போது சர்க்கரை எகிறியிருக்கும், என் குட்டு உடையும், ஊசியும் ஏறும். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"பிரமாதம்! ஊசியே வேண்டாம். இப்படியே சாப்பிடுங்க."

வெளியே வந்தபோது மறுபடி தெருவிளக்கு உயரத்தில் மிதந்தேன். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை எப்படி மறைப்பது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"கோவிச்சுக்காதே. உடம்பு சரியானது உன் தவிட்டுச் சாப்பாட்டால இல்லை. அந்த பேக்கரி அக்கா கைராசி! மூணு மாசமா தினமும் ஒரு பிஸ்கட் தின்னிருக்கேன்."

"ரெண்டு" என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"உ... உனக்கெப்படி?"

"முதல் நாளே அக்கா போன் பண்ணிட்டாங்க. முழுக் கோதுமை, கொட்டைப் பருப்பு, இனிப்புக்கு ஒரே ஒரு பேரீச்சம்பழம். சர்க்கரை ஒரு சிட்டிகைகூடக் கிடையாது."

"என்னென்ன போட்டாங்கன்னும் அக்காவே சொன்னாங்களா?"

"அவங்க எதுக்குச் சொல்லணும்? நாளையிலேருந்து வீட்டுலயே தின்னுடுங்க. தினமும் சுட்டு மூணு தெரு தூக்கிக்கிட்டுப் போய் எனக்குக் கால் வலிக்குது."