உட்கார மறுத்த உச்சந்தலை

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவருக்கு முகம் பார்க்கப் பஞ்சமே இல்லை. மேஜைக்கு மேஜை கண்ணாடி. ஆனால் இத்தனை வருஷமாக நம்மவர் பார்த்ததெல்லாம் தன்னுடைய முன்பக்கத்தை மட்டும்தான். அன்றைக்கு முதலாளி பின்சுவரில் புதிதாக ஒரு ஆளுயரக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போனார். வந்தது வினை. நம்மவர் குனிந்து ஒரு அம்மாளின் ஃபிரேமை வளைத்துக்கொண்டிருந்தவர், தற்செயலாக மேஜைக் கண்ணாடியைப் பார்த்தார். அதற்குள் பின்சுவர்க் கண்ணாடி தெரிந்தது. அதற்குள் ஒரு தலை தெரிந்தது. உச்சியில் வட்டமாக, கோப்பை வைத்து வரைந்த மாதிரி, வெட்டவெளி. பாவம், யாரோ ஒருத்தர், என்று நம்மவர் மனதார இரங்கினார். அந்த யாரோ ஒருத்தர் தன்னுடைய சட்டையைப் போட்டிருக்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஃபிரேம் ஏன் இப்படிக் கோணிப் போச்சு என்று அந்த அம்மாள் சண்டைக்கு வந்தார்.

முடி கொட்டுவது உலகத்தில் நடக்காத அதிசயம் இல்லை. ஆனால் நம்மவர் வீட்டில் அவர் முடிக்கு ஒரு சரித்திரம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மனைவி இதே கடைக்குத்தான் கண்ணாடி மாற்ற வந்தாள். “கண்ணாடி வாங்கப் போனேன், முடியைப் பார்த்து ஏமாந்தேன்” என்று சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நம்மவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஒரு தடவை தலையைக் கோதிவிட்டுக்கொள்வார். போதாததற்கு மனைவியின் அக்கா புருஷன், அதாவது நம்மவருடைய சகலை, எப்போதோ முழு வழுக்கை ஆகிவிட்ட மனிதர். கரண்ட் போனால் சகலையைக் கூப்பிடுங்கள் என்று நாலு பேர் நடுவில் கிண்டல் அடித்து வந்தவர் சாட்சாத் நம்மவர்தான். சகலை ஒருநாளும் பதிலுக்குப் பதில் பேசியதில்லை. இப்போது எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசிவிடுவாரே!

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே உட்கார்ந்து அரித்தது. எதைப் பார்த்து வந்தாளோ அதுவே போய்விட்டால், அப்புறம் தன்னிடம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நம்மவர் யோசித்துப் பார்த்தார். சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை.

நல்ல வேளையாக அவர் நெட்டை. மனைவி அவர் தோளுக்குக் கீழே நிற்பவள். வெட்டவெளி இருப்பது உச்சியில். நிமிர்ந்து நிற்கும்வரை அது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆபத்தெல்லாம் உட்காரும்போதுதான். ஆகவே அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நம்மவர் ஒரு மகா சங்கல்பம் செய்துகொண்டார். இனிமேல் பெண்டாட்டி முன்னால் உட்காருவதில்லை.

முதல் சோதனை சாப்பாட்டு நேரத்தில் வந்தது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

“என்னங்க, நின்னுக்கிட்டு சாப்பிடுறீங்க?”

“முதுகு வலி. டாக்டர் உட்காரவே கூடாதுன்னுட்டார்.”

“எந்த டாக்டர்?”

“முதுகு டாக்டர்.”

“படுக்கலாமா?”

“மல்லாக்கப் படுக்கலாம். குப்புறப் படுக்கக் கூடாது.”

மனைவி அவரை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம், “சரி, அப்ப நில்லுங்க” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று நம்மவர் அதிசயப்பட்டார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

அவள் ஜன்னல் திரை தைப்பவள். வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம், சுவரெல்லாம் துணி உருளை, மூலையில் திரை மாட்டும் கம்பிகள். அளவெடுப்பது, தைப்பது, அவரவர் வீட்டுக்கே போய் மாட்டிக் கொடுப்பது எல்லாம் அவளேதான். சும்மா நிற்கிற மனிதனைக் கண்டால் அவளுக்குக் கை பரபரக்கும். நிற்கிறீர்களே, அந்த உருளையைக் கொஞ்சம் இறக்குங்கள் என்றாள். இறக்கினார். நிற்கிறீர்களே, இந்தத் துணியின் மறுமுனையைப் பிடியுங்கள் என்றாள். பிடித்தார். அப்புறம் இஸ்திரி போடுவது அவர் வேலையானது, ஏனென்றால் அதை நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். பாத்திரம் கழுவுவதும் நின்றுகொண்டு செய்கிற வேலைதான் என்று அடுத்த வாரம் கண்டுபிடித்தாள். திரைக்குக் கொக்கி கோப்பது உட்கார்ந்து செய்கிற வேலை. அதையும் ஜன்னல் ஓரமாக நின்று செய்யலாம் என்று அவளே வழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் திரை மாட்டப் போகிற இடத்துக்கெல்லாம் இவரும் கூடப் போனார். உயரமான ஆள்தானே, இவரே மாட்டலாமே என்றால், இவர் திருகிய எந்தத் திருகாணியும் நேராக நின்றதாகச் சரித்திரம் இல்லை. அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று மாட்டுவாள். இவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். நின்றுகொண்டிருக்கிறோம், ஆபத்தில்லை என்ற நிம்மதி அவருக்கு.

நிம்மதி என்றா சொன்னேன்? அது அந்த ஒரு ஸ்டூல் நேரத்துக்குத்தான். மற்றபடி மனுஷன் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. பேருந்தில் இடம் கிடைத்தாலும் பின்சீட்டுக்காரனை நினைத்து எழுந்துகொள்வார். விளக்குக்கு நேர் கீழே நிற்கமாட்டார். காலையில் எழுந்ததும் தலையணை மேல் கிடக்கிற முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஒருநாள் கடை மதிய இடைவேளையில் தோல் டாக்டரிடம் ஓடினார். அந்த டாக்டருக்குத் தலை கொள்ளாத முடி. பார்த்ததுமே நம்மவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தது அங்கேதான், எழுந்திருக்கவே மனசில்லை.

டாக்டர் ஒவ்வொரு வழியாகச் சொன்னார். பின்தலையிலிருந்து முடியை எடுத்து உச்சியில் நடலாம். ஆனால் கொஞ்ச நாளைக்குத் தலையில் தழும்பும் சிவப்புமாக இருக்கும். அதை மறைக்க எவ்வளவு நெட்டையாக இருந்தாலும் போதாது. மாத்திரை சாப்பிடலாம். ஆனால் சிலருக்கு அதனால், என்று டாக்டர் குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். அப்படி ஏதாவது ஆனால் மனைவியிடம் எதைச் சொல்லிச் சமாளிப்பது என்று நம்மவருக்கு வியர்த்தது. செயற்கை முடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைக்கு வந்த ஒருவர் ஃபிரேமைக் கழற்றும்போது முடியும் கூடவே கழன்று வந்ததை நம்மவர் கண்ணாலேயே பார்த்தவர். ஒன்றும் செய்யாமல் ஒட்ட வெட்டிக்கொண்டு சும்மாவும் இருக்கலாம், அதனால் ஆரோக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சிரித்தார். தலை நிறைய வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சைப் பார். கடைசியாக, சொட்டு மருந்து. காலையும் இரவும் வழுக்கை இடத்தில் விட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயப்படக் கூடாது. நிறுத்தினால் வளர்ந்ததும் போய்விடும். மறைத்து வைக்கக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் நம்மவர் அதற்குச் சம்மதித்தார்.

கண்ணாடி துடைக்கிற திரவம் இருந்த காலிப் புட்டி ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து, மருந்தை அதில் ஊற்றி, பீரோவின் தலைமேல் வைத்தார். குள்ளமான மனைவிக்கு எட்டாத இடம். காலையில் அவள் குளிக்கப் போனதும் இரண்டு கைக்கண்ணாடிகளோடு உச்சியைத் தேடுவார். கண்ணாடியில் இடது பக்கம் தெரிந்தால் கை வலது பக்கம் போகும். பாதி மருந்து காதுக்குப் பின்னால் வழிந்து கழுத்துக்குள் இறங்கும். இரவு வேளைக்கு வழியே இல்லை, அவள் அறையிலேயே இருப்பாள். ஒரு வேளையோடு சரி. டாக்டர் சொன்னபடியே முதலில் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அந்த நாட்களில் நம்மவர் வீட்டில் ஓர் இடத்தில் நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார். நடக்கிறீர்களே, அப்படியே மாவு அரைத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள் மனைவி.

சில மாதம் கழித்து டாக்டர் உச்சியைப் பார்த்துவிட்டு மெச்சினார். லேசாகப் பூனை முடி மாதிரி கிளம்பியிருக்கிறதாம். இரண்டு வேளையும் ஒழுங்காகப் போட்டால்தான் இப்படி வரும், உங்களைப் போல எல்லாரும் இருந்துவிட்டால் எனக்குக் கவலையே இல்லை என்றார். ஒரு வேளை போட்டே இப்படி என்றால் நம் தலை சாதாரணத் தலை இல்லை என்று நம்மவர் முடிவு கட்டினார். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த வார விடுமுறைக்கு அக்காவும் சகலையும் சாப்பிட வருகிறார்கள் என்று மனைவி சொன்னபோது, நம்மவர் இன்னொரு மகா சங்கல்பம் செய்துகொண்டார். அன்றைக்கு உட்காருவது.

உட்கார்ந்தார். எல்லாரும் பார்க்க நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் குனிந்தார், கரண்டியைக் கீழே போட்டுக் குனிந்தார். சகலை பொறுமையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தலை விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. நம்மவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“சகலை, இப்பெல்லாம் நல்ல நல்ல மருந்து வந்திருக்கு. ஆனா அதுக்கு ஒரு ஒழுங்கு வேணும். வேளை தவறாம போடணும்.”

சகலை முதல் தடவையாகப் பதில் பேசினார்.

“ஆமா சகலை. காலை வேளை உங்க கணக்கு. ராத்திரி வேளை யார் கணக்குன்னு கேட்டுக்குங்க.”

நம்மவர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தட்டைப் பார்த்தாள். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஒருநாள் மனைவிக்குத் தன் மூக்குக் கண்ணாடி மங்கலாகப் பட்டிருக்கிறது. பீரோ மேல் இருந்த புட்டியை எடுத்துத் துடைத்திருக்கிறாள். கண்ணாடி பிசுபிசுவென்று ஆகிவிட்டது. புட்டியைக் கொண்டுபோய் அக்கா வீட்டில் காட்டினாள். சகலை மூடியைத் திறந்து ஒரு தடவைதான் முகர்ந்தார். அவர் ஊற்றிப் பார்க்காத மருந்தா? இரண்டு வேளை போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து நம்மவர் தூங்கிப் புரண்டு படுத்ததும், சரியாக அந்த வட்டத்தில், காதுக்கும் கழுத்துக்கும் போகாமல், அவள்தான் சொட்டு விட்டு வந்திருக்கிறாள். சகலை இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் நம்மவருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. கரண்ட் போனாலும் இனி அவரைக் கூப்பிடுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தார்.

விருந்தாளிகள் போனதும் மனைவி புட்டியோடு வந்தாள். நம்மவர் சத்தமில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தார்.

“பீரோ மேல உனக்கு எப்படி எட்டுச்சு?”

“ஸ்டூல் போட்டுத்தான். வேற எப்படி?”

“சரி, உச்சி எப்படித் தெரியும்? நான்தான் உன் முன்னாடி உட்காரவே இல்லையே.”

“ஞாயித்துக்கிழமை நான் ஸ்டூல் மேல நிக்கும்போது, கீழ யாரு பிடிச்சுக்கிட்டு நின்னது?”

நம்மவர் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் குனிந்து பார்த்தார். உச்சியில் மருந்து ஜில்லென்று பரவியது. அவள் விரல் வட்டத்தை விட்டு வெளியே போகவே இல்லை. கடைசியில் அவர் அத்தனை மாதமாக அரித்ததைக் கேட்டேவிட்டார். முடியைப் பார்த்துத்தானே வந்தாய், இப்போது வருத்தமாக இல்லையா என்று.

“அது சும்மா சிரிக்கறதுக்குச் சொல்றது. அன்னைக்கு என் கண்ணாடி உடைஞ்சு போயில்ல உங்க கடைக்கு வந்தேன்? முடி எங்கேர்ந்து தெரியும்? நெட்டையா ஒண்ணு நின்னுச்சு. குனிஞ்சு மெதுவா பேசிச்சு. அவ்வளவுதான் தெரிஞ்சுது.”

நம்மவர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மனுஷன் இன்னொரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் தெரிஞ்சும் ஏம்மா அன்னைக்கே சொல்லல?”

மனைவி புட்டியை மூடினாள். முன்னறையில் இஸ்திரி போட்டு, கொக்கி கோத்து, வரிசையாகத் தொங்கிய திரைகளை ஒரு தடவை திருப்தியாகப் பார்த்தாள்.

“சொல்லியிருந்தா உட்கார்ந்திருப்பீங்களே.”