சைலன்சர் மாட்ட இடம் பார்த்தது

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். காரில் எந்தக் குழாய் எதோடு சேரும் என்று மாற்றிச் சொன்னால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். என் வீட்டுக்காரரைக் கிறுக்கன் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தக் கவலைதான் எனக்கு.

எங்கள் மகன் சூரியபிரகாஷ் பெங்களூரில் வேலை பார்த்தான். அங்கே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். சிவப்பு. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதற்கு ஒரு புது சைலன்சர் மாட்ட வேண்டும் என்று ஆசை. மாட்டினால் எப்படி உறுமும் என்று போனில் போட்டுக் காட்டினான். எனக்கு வயிறு சரியில்லாத எருமை கத்துவது போலத்தான் கேட்டது. நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு ஒரு நீளமான அட்டைப்பெட்டி வீட்டுக்கு வந்தது. உடம்பு நன்றாக இருந்தபோது அவன் எங்கள் விலாசத்துக்குச் சொல்லிவைத்திருந்த சைலன்சர். அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. என் வீட்டுக்காரர் பாண்டிராஜ் கட்டிலுக்கு மேலே கிடந்தார். முப்பது வருஷம் மதுரைக்குள் டவுன் பஸ் ஓட்டியவர். சந்தைக்கடை மாதிரிப் பேசுகிறவர். இப்போது பேச்சே இல்லை. சோற்றைப் பிசைவார், வைத்துவிடுவார்.

பிறகு, பெங்களூரிலிருந்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்த மகனுடைய காரை எடுத்துக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தார். காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது ரசம் ஊற்றச் சொல்வது போலச் சொன்னார்.

"இன்னைக்கு நாலுவழிச் சாலையில முள்ளு நூத்தி இருபதத் தொட்டுருச்சு."

"எதுக்குங்க அம்புட்டு வேகம்?"

"சும்மா பாத்தேன்."

"என்னத்தப் பாத்தீக?"

"ஒண்ணுமில்ல. ரசத்த ஊத்து."

ரசத்தை ஊற்றினேன். இந்த மனிதர் திரும்பி வரவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். "புள்ள ஆசப்பட்டது. இத மாட்டிப்புடணும்."

"எங்கிட்டுப் போயி மாட்டுறது?" என்றேன். சும்மா கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. முகம் கழுவினார். சட்டை மாட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினார். அதுவும் டவுன் பஸ்ஸில். கார் வாசலில் நின்றது. மத்தியானம் பசியோடு வந்து இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இவர் இடம் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இடம் மட்டும் கிடைக்கக் கூடாது.

"சிம்மக்கல்ல ஒரு ஆளு பழச அறுத்துட்டு வெல்டிங் வச்சுத் தாரேங்கிறாரு."

"அறுக்கவா? புள்ள வச்சிருந்த வண்டிய அறுக்கவா விடுவீக?"

சிம்மக்கல் போயிற்று.

"அவனியாபுரத்துல நம்ம மருது ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான். சூரியாகூடப் படிச்சவன்."

"கூடப் படிச்சவனா? கூட ஃபெயிலானவன்னு சொல்லுங்க."

"கோயம்புத்தூர்ல ஒரு பெரிய எடம் இருக்காம். அறுக்கவே மாட்டாங்களாம். க்ளாம்ப் போட்டே முறுக்கிருவாங்களாம்."

"முன்னப்பின்ன தெரியாத ஊரு. நல்ல குழாய எடுத்துக்கிட்டு ஓட்டைக் குழாய மாட்டிவிட்டா நமக்குத் தெரியுமா?"

மறுபடி அவனியாபுரம். மறுபடி கோயம்புத்தூர். இப்படியே மாசங்கள் ஓடின. பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்விகூடக் கேட்டாள்.

"என்னக்கா, அண்ணே கொஞ்சம் சதை போட்டுருக்காரு?"

"சைலன்சர் விசாரிக்காருடி."

"எங்க வீட்டு ஆளையும் விசாரிக்கச் சொல்லணும். எலும்பாத் திரியுது."

ஆனால் முப்பது வருஷம் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்தே ஓட்டியவர் இல்லையா? ஒருநாள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏ சீனி, நான் எந்த எடம் சொன்னாலும் நீ ஒரு நொட்டை சொல்ற. இனிமே மனுசங்கிட்டக் கேக்குறதா இல்ல. பூக்கட்டிப் பாக்கப் போறேன்."

எங்கள் பக்கம் பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது எல்லாவற்றுக்கும் குலசாமியிடம் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி ஆத்தா முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வந்த பூதான் முடிவு. சைலன்சருக்குப் பூக்கட்டிய குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

வெள்ளரளி வந்தால் அவனியாபுரம். செவ்வரளி வந்தால் கோயம்புத்தூர். "பொட்டலத்த நீயே கட்டு. அப்பத்தான் நாளைக்கு நொட்டை சொல்ல மாட்ட" என்றார்.

கட்டினேன். ஒவ்வொரு பொட்டலத்திலும் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று வைத்துக் கட்டினேன். சாமி குத்தம் ஆகுமோ என்று பயந்தேன். போன ஐப்பசியில் ஆத்தா என்னைக் கேட்காமல் செய்ததற்கு இது பெரிசில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செக்கானூரணி தாண்டி எங்கள் கோயில். பூசாரி மொக்கையன் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளையும் சிவப்பும் சேர்ந்து விழுந்தன.

"என்னண்ணே இது?" என்றார் இவர்.

பூசாரி பூவைப் புரட்டிப் பார்த்தார். "ஆத்தா இன்னும் வாய் தெறக்கல. தை வரைக்கும் பொறு மாப்ள." மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஊரணியில் போட்டுவிட்டார்.

தை வரைக்கும் உயிர் வந்தது எனக்கு. பஸ்ஸில் பாதி வழிகூட வரவில்லை. இவர் தொடையில் தட்டினார்.

"எனக்கு வெளங்கிருச்சு! ரெண்டு பூவும் வந்துச்சுல்ல? ரெண்டு எடத்துலயும் மாட்டச் சொல்லுது. முன்பாதி அவனியாபுரம், பின்பாதி கோயம்புத்தூர். நாளைக்கே வண்டிய எடுக்கேன்."

கோயம்புத்தூர் வரைக்கும் அந்த ரோடு என் கண்முன்னால் நீண்டது. அந்த முள்ளும் கூடவே தெரிந்தது. வாய் தானாகப் பேசியது.

"ஏங்க, ரெண்டு பூவும் தனித்தனியாவா வந்துச்சு? ஒரே பொட்டலத்துலதான வந்துச்சு? கோயம்புத்தூர் வேலைய அவனியாபுரத்துல வச்சே செய்யச் சொல்லுது. அறுக்காம, க்ளாம்ப் போட்டு."

யோசித்தார். "ஏழாப்பு மூளையா இது?"

"ஆத்தா மூளைங்க."

இப்படி, நடக்கவே கூடாது என்று மாசக்கணக்கில் நான் தள்ளிப்போட்டதை நானே என் வாயால் முடித்துவைத்தேன்.

மருது பழைய குழாயை அறுக்காமல் கழற்றித் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தான். புதியதை மாட்டினான். "அப்பா, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான்.

வண்டி உறுமியது. போனில் கேட்ட அதே சத்தம். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இன்ஜினை அணைக்காமலே இருந்தார். தோள் குலுங்கியது. மருது எதையோ தேடுகிறவன் போல உள்ளே போய்விட்டான். அத்தனை மாசத்தில் அன்றைக்குத்தான் அவர் அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ பஸ்ஸுல போ. நான் ஒரு சுத்துச் சுத்திட்டு வாரேன்" என்றார். ரசம் கேட்ட அன்றைய அதே குரல்.

நான் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எறங்கு சீனி."

"எறங்க முடியலங்க. மாட்டிக்கிட்டேன்."

ரிங் ரோட்டில் அடித்து ஓட்டினார். "மெதுவாங்க!" என்று கத்தினேன்.

"என்னது?"

"மெதுவா!"

"ஒண்ணும் கேக்கல!" என்றார். அது உண்மைதான். என் சத்தத்தை மகன் வாங்கிய சைலன்சர் விழுங்கிவிட்டது. எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கடை கடையாகக் கேட்டு ஒரு பொருள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். சாயங்காலம் அவர் சாவியை எடுத்ததும் அவருக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்தேன். வண்டியை எடுத்தார். ரிங் ரோடு வந்தது. முள் ஏற ஆரம்பித்தது. முந்தானையை அவிழ்த்து கண்டக்டர் விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினேன்.

அவர் கால் அவரைக் கேட்காமலே பிரேக்குக்குப் போனது. கண் கண்ணாடிக்குப் போனது. கை வண்டியை ஓரங்கட்டியது.

நின்ற பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த ஸ்டாப்பு?" என்றார்.

"வீடு" என்று சொல்லி, இரண்டு விசில் கொடுத்தேன்.