தோசாகினுக்குக் கேன் தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு வரைக்கும் போயிருக்கிறேன். கேஸை மூடினேனா என்று பார்க்க, பாதி வழியில் கம்பெனி பஸ்ஸை நிறுத்தி இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். (சிலிண்டர் முந்தின நாளே தீர்ந்திருந்தது.)

அப்படிப்பட்டவனிடம் போய் ஒரு ஜப்பான்காரர் தன் மீனை ஒப்படைத்தார்.

அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் எனக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. அங்கே தங்கியிருந்த சாரின் மீன் அது. தோசாகின் என்று பெயர், ஜப்பானிலேயே அபூர்வமாம். வால் விசிறிபோல் விரிந்து, இரண்டு ஓரமும் முன்பக்கம் சுருண்டிருக்கும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவர் மாதிரி அவ்வளவு நிதானமாக நீந்தும். சாண் ஆழத் தொட்டி. தண்ணீர் பச்சைப்பசேல்.

"தாமு-சான், நாலு நாள் டெல்லி. காலைல கொஞ்சம் சாப்பாடு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் சரியாகத்தான் இருந்தேன். நான்காம் நாள் கவலை வந்துவிட்டது. ஜன்னல் விளிம்பில் விரலைத் தேய்த்துப் பார்த்து, "அழுக்கு!" என்று காட்டுகிற மனுஷர். எங்கே பாசி கண்டாலும் தேய்க்க வேண்டும் என்று பழக்கியவரே அவர்தான். அந்த மாதம் என்னைப் பர்மனென்ட் ஆக்கும் பேப்பரில் கையெழுத்துப் போடப்போகிறவரும் அவர்தான். தொட்டியில் விரலை வைத்துப் பார்த்தால்?

பச்சைத் தண்ணீரை இரண்டு பக்கெட்டில் மொண்டு பின்கட்டில் வைத்தேன். தொட்டியைப் பளபளவென்று தேய்த்தேன். குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றினேன். (எனக்கே வீட்டில் போர் தண்ணீர்தான்.)

பத்தே நிமிஷம். தோசாகின் ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

தொழிற்சாலை லைனில் கோளாறு என்றால் ஆளைக் கூப்பிட இழுக்க ஒரு கயிறு இருக்கும். இங்கே ஒன்றும் இல்லாததால் கத்தினேன். சமையல் செல்வி அக்கா கரண்டியோடு ஓடிவந்தார்.

"இன்னாடா பண்ணே?"

"குளிப்பாட்டினேன்க்கா."

"மீனையா? அது இன்னாத்துக்குடா தண்ணியிலயே கீது?"

"அக்கா, அந்தப் பச்சைத் தண்ணி..." எனக்கு அழுகை வந்துவிட்டது. "கொட்டிட்டீங்களா?"

"கொட்டல. கறிவேப்பில செடிக்கு ஆவும்னு வச்சிகினு கீறேன். போய் எடுத்துனு வா, மூஞ்சப் பாரு!"

பழைய தண்ணீருக்கே மாற்றினோம். ஒரு மணி நேரம் தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் செவுள் அசைந்தது, அப்புறம் வால். கடைசியில் பட்டுப்புடவை பஸ் ஏறியது.

சாயங்காலம் சார் வந்தார். ஒரு ஷூவைக்கூட அவர் முழுசாகக் கழற்றவில்லை. அதற்குள் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். தொட்டியைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மீன் ஓகே. தாமு-சான், என்.ஜி."

தொழிற்சாலையில் தேறாத பாகத்துக்கு அதுதான் பெயர். வேலை போச்சு என்றே முடிவு பண்ணினேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்! தப்பை மறைக்காதவன் வேண்டுமாம். ஆனால் மறுநாள் தொட்டிக்கு மேலே ஒரு போர்டு வந்தது. இடப்பக்கம் பச்சைத் தண்ணீர், டிக் அடித்து 'ஓகே'. வலப்பக்கம் பிரஷ்ஷும் கையுமாக நான், பெருக்கல் குறி போட்டு 'என்.ஜி.' போட்டோ எடுத்தவரும் அவர்தான். எதற்கென்று தெரியாமல் நன்றாகச் சிரித்து வைத்திருந்தேன்.

அதில் ஒரு காப்பி இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் லுங்கியை மடித்துக் கட்டினாலே போதும், என் மனைவி மகளிடம் சொல்வாள்:

"என்.ஜி. கிளம்பிட்டாரு. பிரஷ்ஷ ஒளிச்சு வைடி!"