செங்கொடியின் மனக்காயம் ஆற்றிய படலம்

குழந்தைகளைக் காப்பது அரசின் தலையாய கடமை. அந்தக் கடமை ஒருநாள் எம்.கே.பி. நகர் குடியிருப்பில் மூன்று மாடி ஏறி வந்தது. லிஃப்ட் இல்லாததால் கோபமாகவே வந்தது.

கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே ஆறு வயதுப் பகலவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா செங்கொடிக்கு மணலியில் ஷிப்ட். சாவி பக்கத்து வீட்டு ஜீனத்திடம். வீட்டைப் பூட்டினால் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் என்பது அங்கே பூனைக்குக்கூடத் தெரியும். அரசு பூனையல்ல. பூட்டை உடைத்துப் பையனைக் காப்பாற்றி, குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தது.

"தாய்க்கு மனக்காயம். அதான் பிள்ளையைப் பூட்டி வெச்சிருக்காங்க. சிகிச்சை முடிஞ்சாதான் பையன்" என்றார் அதிகாரி ராமதாஸ்.

வியாழன்தோறும் சிகிச்சை. ஆலோசகர் சாண்ட்ரா கனிவாகக் கேட்டார்: "உங்க மனசுல என்ன காயம்?"

"எம் புள்ளய தூக்கிகினு பூட்டாங்க மேடம்."

"அது துறை நடவடிக்கை. காயத்துல சேராது. அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி இன்னா? நல்லாத்தான் இருந்தேன்."

"மறைக்கிறீங்க."

செங்கொடி அழுதாள். மனம் நிலையாக இல்லை என்று முடிவாயிற்று. அடுத்த வாரம் அழாமல் உட்கார்ந்தாள். உணர்ச்சி உறைந்துவிட்டது என்று முடிவாயிற்று.

அதற்கடுத்த வாரம் சாண்ட்ரா வீட்டில் ஆயா வரவில்லை. கைக்குழந்தையோடு ஆபீசுக்கு வந்தார். அது வீறிட்டது. செங்கொடி தோளில் போட்டுத் தட்டினாள், தூங்கிவிட்டது. மறுவாரம் ராமதாஸ் தம் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார், சிகிச்சைக்கு உதவும் என்று. பிறகு மேலதிகாரியின் பேத்தி வந்தாள். வாராந்திரச் சிகிச்சை தினசரிச் சிகிச்சையாக உயர்த்தப்பட்டது. அதனால் மணலி வேலை போயிற்று. நிலையான வருமானம் இல்லை என்ற குறையும் செங்கொடி மேல் சேர்ந்தது.

அதே குடியிருப்பில் கீழ்மாடியில் இருக்கும் எனக்கு இதைக் கேட்டு வயிறு எரிந்தது. ஆனாலும் என் மகளையும் அங்கே விடலாமா என்று விசாரித்தேன். இடமில்லையாம்.

"மேடம், நான் கொணமாய்ட்டேனா? எம் புள்ளய குட்த்துருவீங்களா?"

சாண்ட்ரா பதறிப்போனார். "நல்ல முன்னேற்றம் செங்கொடி! இப்ப நிறுத்தினா எல்லாம் கெட்டுடும். மெதுவாப் பேசுங்க, பாப்பா முழிச்சுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பகலவன் கேட்டான்: "எப்பம்மா வூட்டுக்கு இட்டுகினு போவ?"

"ஆபீசருங்க புள்ளைங்கோ கொஞ்சம் பெருசாவட்டும் நைனா."