ப்ளம் கிரீக்கின் ஒற்றை ஓட்டு

ப்ளம் கிரீக் வாக்குச்சாவடியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதில் இருநூற்றுப் பதினொன்று ராய்ஸ் டிட்மோருக்கு. மீதி ஒன்று எங்கே போனது என்பதுதான் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் தலையைக் குடைந்த கேள்வி.

"ஒண்ணுதானே, விட்டுத் தள்ளு," என்றாள் மனைவி ஜோலீன், முட்டையைத் திருப்பிப் போட்டபடி.

"எப்படி விடறது? என்னை எதிர்த்து யாருமே நிக்கலை. சீட்டுல அச்சடிச்சிருந்தது என் பேரு ஒண்ணுதான். அப்படியும் ஒரு ஆளு மெனக்கெட்டு, வேற பேரு எழுத கீழே விட்டிருந்த கோட்டுல பேனாவால எழுதிட்டுப் போயிருக்கான். அதுவும் என் சொந்த ஊர்ல!"

விட்டுத் தள்ளுகிற ஆளாக இருந்திருந்தால் ராய்ஸ் மூன்று முறை மாநில இன்ஷூரன்ஸ் கமிஷனர் ஆகியிருக்க முடியாது. ஓட்டுச் சீட்டில் கவர்னர், நீதிபதி எல்லோரையும் தாண்டி, மக்கள் கை சோர்ந்துபோகிற இடத்தில் வருகிற பதவி அது. இருந்தாலும் ஆலங்கட்டி மழை பெய்து ஓடுகள் நொறுங்கும்போதெல்லாம் வானொலியில் அவர் குரல் கேட்கும்: "படிவத்தை முழுசா நிரப்புங்க. ஒரு கோட்டையும் காலியா விடாதீங்க!" மாநிலத்துக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அவரும் சொன்னபடி நடப்பவர். துக்க வீட்டு வருகைப் பதிவேட்டில்கூடப் பதவியும் தேதியும் போட்டுத்தான் கையெழுத்திடுவார்.

இப்போது அவருக்குக் கவர்னர் ஆசை வந்துவிட்டது. வரும் சனிக்கிழமை ஊர்த் தீயணைப்புக் கூடத்தில் சுட்ட இறைச்சி விருந்து. அங்கே கட்சிக்காரர் கார்ல்டன் ஸ்ப்ரேக் அவரை வேட்பாளராக அறிவிக்கப் போகிறார். ஸ்ப்ரேக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மொத்த ஊரும் ஒரே மனசா உங்க பின்னாடி நிக்கணும்." அதற்காகத் தேடி எடுத்த முடிவுத் தாளில்தான் இந்த ஒற்றை ஓட்டு தலைகாட்டியது.

அன்றே வட்டார எழுத்தர் மேவிஸ் ஓக்லியிடம் போனார். நாற்பது வருடமாக ஓட்டுச் சீட்டுகளைக் கட்டிக் காக்கிற அம்மாள். கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"அந்தச் சீட்டைப் போட்டது யாரு மேவிஸ் அம்மா?"

"அதை நீ கேக்கவும் கூடாது தம்பி, நான் சொல்லவும் கூடாது. ஓட்டு ரகசியம். வேற ஏதாவது கேளு, சொல்றேன்."

"வேற என்னத்தைக் கேக்கறது!" என்று ராய்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் பக்கத்து வீட்டு ஹார்லன் பிக்ஸ்பியின் வண்டி எதிரே வந்தது. அந்த ஊரில் எதிரே வருகிறவரைப் பார்த்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்க வேண்டும். ஹார்லன் தூக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் கடைசியாகப் பெய்த ஆலங்கட்டி மழைக்குப் பிறகு ஒரு நாளும் தூக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி அவர் கூரையைப் பழசு என்று சொல்லிக் கைவிரித்ததிலிருந்து!

ஆள் அகப்பட்டுவிட்டான் என்று ராய்ஸுக்கு ஒரே சந்தோஷம். கோபம் இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டும் அரித்தது. ஏணியோடு போய் ஹார்லன் வீட்டுக் கூரையில் ஏறினார். பள்ளங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அங்கிருந்தே கம்பெனிக்குப் போன் போட்டு, மறுநாளே மதிப்பீட்டாளர் வர வேண்டும் என்றார்.

கீழே நின்ற ஹார்லனுக்குத் தலைகால் புரியவில்லை. "என்னப்பா ராய்ஸு, திடீர்னு எம்மேல இவ்வளவு பாசம்?"

"உண்மையைச் சொல்லு ஹார்லன். எனக்கு எதிரா ஓட்டு எழுதிப் போட்டது நீதானே?"

ஹார்லன் கூரையைப் பார்த்தார். வீட்டுக்குள் ஒழுக்குக்கு வைத்த வாளியைப் பார்த்தார். ராய்ஸைப் பார்த்தார்.

"ஆமாப்பா. நானேதான்."

புதன்கிழமை மதிப்பீட்டாளர் வந்து, கூரை மாற்ற ஒப்புக்கொண்டு போனார். அந்தச் செய்தி டீசல் பங்க் காப்பிக் கடையை எட்ட அரை மணி நேரம் ஆகியிருக்குமா என்பது சந்தேகம். மத்தியானம் முடிதிருத்துகிற டூயி வந்தார்.

"ஹார்லன் புளுகறான். அதை எழுதினது நான். எங்க கொட்டகைக் கூரையையும் கொஞ்சம் வந்து பாரேன்."

சாயங்காலம் போதகரே வந்தார். தேவாலயக் கோபுரத்துத் தகரம் நசுங்கியிருந்தது. "கர்த்தர் என் மனசை உறுத்தறார், ராய்ஸ். அது என்னோட ஓட்டு," என்றார் தரையைப் பார்த்தபடி.

வியாழக்கிழமை காலையில் ராய்ஸ் வீட்டுப் புல்தரையில் பதினேழு பேர். ஒவ்வொருவர் கையிலும் கூரைப் படம்.

"பதினேழு பேரு ஒரு ஓட்டு எப்படிடி போட முடியும்?" என்று ராய்ஸ் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று புலம்பினார்.

"எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லு. உன் வாயாலதான் இத்தனையும்," என்றாள் ஜோலீன்.

நல்ல யோசனைதான். ஆனால் ராய்ஸுக்கு அதைவிட நல்ல யோசனை ஒன்று தோன்றிவிட்டது. இருபது வருட அனுபவத்தில் அவர் கண்டது, பொய் சொல்கிறவன் வாயால் எவ்வளவும் சொல்வான், படிவத்தைக் கண்டால் நழுவிவிடுவான் என்பது. உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தார். 'கமிஷனர் தேர்தலில் அச்சிட்ட பெயரை விட்டுவிட்டுக் கையால் எழுதி ஓட்டுப் போட்டவர் நானே என உறுதி கூறுகிறேன். இது பொய்யானால் சட்டப்படி தண்டனைக்கு உட்படுவேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அதைத் தீயணைப்புக் கூட வாசலில் கட்டாக வைத்துவிட்டு வந்தார். இனி உண்மையான ஆள் மட்டும்தான் கையெழுத்திடுவான்.

ஹார்லன் படிவத்தைப் படித்துவிட்டுக் காப்பிக் கடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஓட்டு ரகசியம்னு சொல்றாங்க. பொய்னு எவன் நிரூபிப்பான்?"

வெள்ளி மாலை ராய்ஸ் கையெழுத்தான படிவங்களை எடுத்து வந்து எண்ணினார். நாற்பத்து மூன்று.

ஜோலீன் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "என் தங்கச்சிகூடப் போட்டிருக்கா. தேர்தல் அன்னிக்கு அவ ஊர்லயே இல்லை!" கடைசித் தாளில் நின்றாள். "ராய்ஸ், இது உன் கையெழுத்து."

"மாதிரிக்கு ஒண்ணு நிரப்பிப் பார்த்தேன். பேனா கையில இருந்தா கோட்டைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியலை."

"சரி, எல்லாத்தையும் அடுப்புல போடு."

"பொது ஆவணத்தை எரிக்கறதா? குற்றம்!" என்று ராய்ஸ் அவற்றைப் பத்திரமாகக் கோப்பில் வைத்தார். வாரப் பத்திரிகைக்காரர் வந்து கேட்டபோது, பொது ஆவணத்தை மறைப்பதும் குற்றம் என்பதால், எடுத்துக் காட்டவும் செய்தார்.

சனிக்கிழமை சுட்ட இறைச்சி மணம் ஊரையே தூக்கியது. ஊரும் மொத்தமாக வந்திருந்தது. ஸ்ப்ரேக் கடைசியாக வந்தார், கக்கத்தில் பத்திரிகையோடு. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'கமிஷனருக்கு எதிராக ஓட்டுப் போட்டோம்: சொந்த ஊரில் 43 பேர் எழுத்துமூலம் உறுதி.'

"மிஸ்டர் டிட்மோர், உங்க ஊர்லயே அஞ்சுல ஒருத்தருக்கு உங்களைப் பிடிக்கலை. நான் எந்த முகத்தோட மேடை ஏறி உங்க பேரைச் சொல்றது?"

"அது பொய்ங்க! எல்லாம் கூரைக்காகப் போட்ட கையெழுத்து!"

"அப்ப சொந்த ஊர்ல நாப்பத்தி மூணு பேரு உங்ககிட்டயே பொய்க் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இன்ஷூரன்ஸ் கமிஷனர்கிட்ட! இது அதைவிட மோசம்," என்றார் ஸ்ப்ரேக். ஒரு தட்டு இறைச்சியைக் கட்டி வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். ஹார்லன் அவரைப் பார்த்து மரியாதையாக ஒரு விரல் தூக்கினார்.

கூட்டம் கலைந்த பிறகு, மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே ராய்ஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது நாலே நாளில் சரிந்துவிட்டது. அழுகை வரும் போலிருந்தது. ஆனால் அதையும் மீறி அந்தப் பழைய கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

மிச்சமான பீச் பழப் பணியாரத்தை டப்பாவில் அள்ளிக்கொண்டிருந்த மேவிஸ் அம்மாள் அவர் பக்கம் ஒரு தட்டை நகர்த்தினார். "சாப்பிடு தம்பி."

"எனக்குக் கவர்னர் பதவி போனதுகூடப் பெருசில்லை மேவிஸ் அம்மா. யாரு போட்டதுன்னு நீங்க சொல்ல வேண்டாம். எனக்குப் பதிலா யாரோட பேரை எழுதியிருந்தாங்க? அதையாவது சொல்லலாமா?"

"தாராளமா! எழுதின பேரு பொதுத் தகவல். செவ்வாய்க்கிழமையே கேப்பேன்னு பார்த்தேன், நீ தொப்பியை எடுத்துக்கிட்டு ஓடிட்டே." மேவிஸ் அம்மாள் டப்பாவை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உன் பேருதான் தம்பி. கையெழுத்து, பதவி, தேதி எல்லாம் போட்டு, ஒரு கோடு காலியா விடலை."