எரிந்த லைட்டும் திறந்த மைக்கும்

பெண் பார்க்கிற நேரத்தில் பெண் அடக்கமாக இருக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மைக்கும் அடக்கமாக இருக்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அப்போது நான் பெரியகல்லாற்றில் வீட்டிலிருந்தபடியே ஒரு கணினி நிறுவனத்துக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். (பஸ் டிரைவர் இல்லை. கீபோர்டு, மைக், கமரா எல்லாவற்றையும் இயங்குதளத்தின் சொல்லுக்கு ஆடவைக்கும் நிரல். எத்தனை முறை விளக்கினாலும் பெரிய மாமி, "லைசென்ஸ் எடுத்திட்டியா புள்ள?" என்றுதான் கேட்பா.) ஒழுங்காக வேலை செய்த ஒன்று புதுத் திருத்தத்தால் பழுதானால் அதற்கு ரிக்ரெஷன் என்று பெயர். பழுதாக்கிய ஆளைத் தேடிப் பிடிப்பதில் என்னை விஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்னிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடியோவில் வந்தார்கள். ஆதியில் எங்கள் பக்கத்து ஊர்ச் செட்டிபாளையத்து ஆட்கள்தான். வாவிப் பக்க விறாந்தையில் என் மடிக்கணினி. அதைச் சுற்றி அப்பா, அம்மா, பெரிய மாமி, நான். மாப்பிள்ளையின் தாயார் நிறையக் கதைத்துவிட்டு, "தேத்தண்ணி எடுத்திட்டு வாறன்" என்று எழும்பிப் போனா. மாப்பிள்ளை ரகு மட்டும் திரையில் இருந்தார்.

பெரிய மாமி குனிந்து கேட்டா: "மைக் மூடியிருக்கா?"

மைக்கை மூடினால் கீபோர்டில் ஒரு சிவப்பு லைட் எரியும். பார்த்தேன், எரிந்தது. எப்போது மூடினேன் என்று யோசிக்கவேயில்லை. "ஓம் மாமி."

"மாப்பிள்ளைக்கு நெத்தி எங்க முடியுது எண்டு தெரியல்லையே புள்ள," என்றா மாமி.

"அந்த மனிசி மூச்சு விடாமக் கதைக்கிறா. வள்ளத்து எஞ்சின் கூட இடையில நிக்கும்," என்றார் அப்பா.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சிரிச்சா வடிவாத்தான் இருக்கார். தாயைத்தான் மியூட் பண்ணி வைக்கவேணும்," என்றேன்.

ரகு தொண்டையைச் செருமினார். "உங்கட சத்தம் தெளிவாக் கேக்குது. அம்மாவும் கதவடியிலதான் நிக்கிறா."

என் அம்மா முந்தானையால் முகத்தை மூடினா. மாமி மேசைக்குக் கீழே போனா. (அங்கேயே இருந்தா.) நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்டது வேறு: "ஒரு நிமிசம், இப்ப கேக்குதா?" பட்டனை அமத்தினேன். லைட் அணைந்தது. ரகு காதைத் தொட்டுக் கையை விரித்தார். மறுபடி அமத்தினேன். லைட் எரிந்தது.

"இப்ப?"

"கேக்குது."

"ரிக்ரெஷன்!" என்று கத்திவிட்டேன்.

"சம்பந்தம் குழம்பிக் கிடக்கு, இவள் பட்டனை அமத்துறாள்," என்றது மேசைக்கடிக் குரல்.

பிறகுதான் நினைவு வந்தது. முந்தின வாரம்தான் ஒரே ஒரு மடிக்கணினி மொடலில் தலைகீழாக எரிந்த லைட்டை நேராக்கி, பாராட்டும் வாங்கியிருந்தேன். அந்தத் திருத்தம் என்னுடையது உட்பட மற்ற எல்லா மொடல்களையும் தலைகீழாக்கியிருந்தது! தேடிப் பிடிக்கவேண்டிய ஆள் நான்தான். அதையும் ரகுவிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தாயார் தேத்தண்ணியோடு வந்து இருந்தா. "நல்லா மூச்சு விட்டுட்டு வந்திருக்கன். இனித் தொடங்கலாமா?"

அப்பா எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டார்.

அன்று பின்னேரமே திருத்தத்தைத் திருத்தி அனுப்பினேன். திருத்தினவர் பெயரோடு பிழையைக் கண்டு சொன்னவரின் பெயரையும் அதில் எழுதுவது எங்கள் வழக்கம். ரகுவின் பெயரைப் போட்டேன். எங்கள் இருவர் பெயரும் முதன்முதலாகச் சேர்ந்து வந்தது அங்கேதான். கலியாணக் கார்டு எல்லாம் பிறகு.

இப்போது மாமியார் எங்களோடுதான் இருக்கிறா. வீட்டில் எது பழுதானாலும் அவ கேட்பது ஒன்றுதான்: "இதைக் கடைசியாத் திருத்தினது ஆரு?" போன கிழமை ரைஸ்குக்கர் சூடாகாதபோதும் கேட்டா. என் சின்ன மகள் உட்பட வீடே என் பக்கம் திரும்பியது.

(பிளக் போடவில்லை. ஓம், அதுவும் நான்தான்.)