மூணு கிலோமீட்டருக்கு ராஜா

பஸ் கம்பெனி டிக்கெட் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்த மனுஷர், ஒரு திங்கட்கிழமை காலையில் முதலாளி ஆகிவிடுவது என்று தீர்மானித்தார். வேலையை விட்டார். கையில் வந்த தொகையைக் கொடுத்து ஒரு சலவைக் கம்பெனியின் கிளை உரிமையை வாங்கினார். வாங்கிய பிறகுதான் மனைவியிடம் சொன்னார்.

காரணம் இருந்தது. அந்த அம்மாள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவார். இருபத்திரண்டு பக்க ஒப்பந்தம் அவர் கையில் சிக்கினால் கடை திறந்த மாதிரிதான்!

"ஒப்பந்தத்தைக் காட்டுங்க."

"அது தொழில் ரகசியம்."

"பொண்டாட்டிக்குத் தெரியாத ரகசியமா?"

"பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அது ரகசியமா?"

பதில் நன்றாக அமைந்துவிட்டதில் அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம். ஒப்பந்தத்தைப் பீரோவில் ஸ்வெட்டருக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

கிளையை விற்ற சலவைக் கம்பெனி ஆள் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அதனால் அவருக்குப் பெயரே கோட்டு. "சார், சுத்தி மூணு கிலோமீட்டருக்கு நம்ம போர்டு வேற எங்கயும் வராது. நீங்கதான் ராஜா" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

ராஜ்ஜியம் நாலு மாசம் நடந்தது. அப்புறம் துணி மூட்டைகள் இளைக்க ஆரம்பித்தன. ஏன் என்று புரியாமல் சுற்றியவர், இரண்டு மாதம் கழித்துப் பக்கத்துத் தெருத் திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டார். அதே நீலப் போர்டு. அதே சிரிக்கும் சட்டைப் படம்.

உள்ளே மலை மாதிரி ஒருவர். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர்.

"யாரைக் கேட்டு இங்க கடை போட்டீங்க?"

"கோட்டைக் கேட்டுத்தான். மூணு கிலோமீட்டருக்கு நான்தான் ராஜான்னார்."

இரண்டு ராஜாக்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கோட்டுக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. கம்பெனி ஆபீசுக்கே போனார்கள். பூட்டியிருந்தது.

"கிளை வாங்கினவங்களா?" என்றார் வாட்ச்மேன். "மரமே போன வாரம் கிளம்பிடுச்சே!"

போலீசுக்குப் போகலாம் என்றார் டிரில் மாஸ்டர். நம்மவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். போலீசுக்குப் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். இரண்டில் அவருக்கு வீடுதான் பயம்.

இரண்டு வாரம் யோசித்தார். யோசனை மச்சான் ரூபத்தில் வந்தது. மனைவியின் அண்ணன், வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு வந்து ஏதாவது தொழில் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். அதுதான் வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு அழைத்தார்.

"முதுகு வலி மச்சான், நிக்க முடியல. கடையை நீங்க எடுத்துக்குங்க. மூணு கிலோமீட்டருக்கு நீங்கதான் ராஜா."

சொல்லும்போதே வாய் கசந்தது. கோட்டு தன் தோளில் ஏறிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனாலும் சிரித்தார்.

"நீங்க சொன்னா சரி மாப்பிள்ளை. உங்களை நம்பாம யாரை நம்புறது?"

மனைவி காப்பியை வைத்தார். "நல்ல விஷயம்தான். ஆனா சொந்தத்துக்குள்ள மனஸ்தாபம் வரக்கூடாது பாருங்க. எழுதி வச்சுக்கலாம்."

தாளை எடுத்துச் சிவப்பு மையில் கடகடவென்று எழுதினார். 'மூன்று கிலோமீட்டருக்குள் இதே போர்டு போட்ட வேறு கடை இல்லை என்று உறுதி கூறுகிறேன். இருந்தால் வாங்கியதை இரண்டு மடங்காகத் திருப்பித் தருவேன்.'

"போடுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என்ன மாப்பிள்ளை, மை இல்லையா?"

மச்சான் முகத்தில் கள்ளங்கபடமே இல்லை. அதற்கு மேல் இவரால் தாங்க முடியவில்லை.

"மை இருக்கு மச்சான். உண்மைதான் இல்லை."

சாயம் வெளுத்தது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். மச்சான் திட்டவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். திட்டியிருக்கலாம் என்று இவருக்குத் தோன்றியது.

"உட்காரு அண்ணா," என்றார் மனைவி. "கையெழுத்துப் போடலையே. அந்த அளவுக்கு மனுஷன் மிச்சம் இருக்கார்."

பிறகு கைப்பையிலிருந்து அந்த இருபத்திரண்டு பக்க ஒப்பந்தத்தை எடுத்துப் போட்டார். பக்கமெல்லாம் சிவப்பு.

"எழுபத்தோரு பிழை. மூணு கிலோமீட்டர்னு மட்டும் எங்கயும் இல்லை."

கூடவே ஒரு போலீஸ் புகார். கோட்டிடம் ஏமாந்த ஐந்து பேர் கையெழுத்து. முதலாவது டிரில் மாஸ்டருடையது. ஆறாவது இடம் காலி. இவர் மறு பேச்சு இல்லாமல் போட்டார்.

கோட்டு அடுத்த மாதம் வேறோர் ஊரில், கோட்டில்லாமல் பிடிபட்டார். போன பணத்தில் பாதி திரும்பி வந்தது. மச்சானும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பும் வழியில் நம்மவர் மனைவியைக் கேட்டார்: "அது சரி, பக்கத்துத் தெருவுல கடை இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? திறந்த நாள்லேருந்து என் துணியெல்லாம் அங்கதான் போடறேன். அவர் பட்டனை உடைக்கிறதில்லை."